நசரத்பேட்டை லாரிக் கல்லின் ஆறாவது வரி

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நசரத்பேட்டைக்குப் போய் வந்தேன். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல. ஒரு கல்லில் எழுத்துப் பிழை பார்ப்பதற்காக. முப்பது வருஷம் சிலேட்டிலும் காகிதத்திலும் பிழை பார்த்தவன் நான். கல்லில் பார்க்க அழைத்தது இதுவே முதல் தடவை.

அழைத்தவர் அந்த ஊர் ஹவில்தார் அரங்கநாதன். முந்தின பெரிய யுத்தத்தில் மெசபடோமியா வரை போய் மீண்டவர். இந்த யுத்தத்துக்கு அவர் மகன் ஜெயராமன் போனான், பர்மாவிலிருந்து திரும்பவில்லை. நசரத்பேட்டை, பூந்தமல்லி, குத்தம்பாக்கம் மூன்று ஊரிலுமாக அப்படித் திரும்பாதவர்கள் ஏழு பேர். அவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி நிறுத்துவதென்று வீட்டார் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். ஹவில்தார் எனக்குப் போட்ட கார்டில், "காகிதத்தில் தப்பு வந்தால் அடித்து எழுதலாம், கல்லில் முடியாது, நீங்கள் அவசியம் வர வேண்டும்" என்று எழுதியிருந்தார். நசரத்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்த ஏழு பேரில் மூன்று பேராவது என்னிடம் படித்திருப்பார்கள் என்று நினைத்தேன். மறுக்க மனம் வரவில்லை.

திருவல்லிக்கேணியிலிருந்து டிராமில் சென்ட்ரல் வந்து, ஏழு பத்து வண்டியைப் பிடித்தேன். ஆவடிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் மூன்றணா. தூரம் சுமார் பதினாலு மைல். வில்லிவாக்கம் தாண்டியதும் இடது பக்கம் உட்கார்ந்தால் வெயில் படும். இருந்தாலும் அந்தப் பக்கமே பாருங்கள். அம்பத்தூர் ஏரியில் இன்னும் நிறையத் தண்ணீர். ஐந்து வருஷத்துக்கு முன் இந்தப் பாதையில் ஆவடி என்றால் வெறும் வயலும் முள்ளும்தான். இப்போது ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்கு எட்டும் வரை பட்டாளத்துக் கொட்டகைகள், தகர ஷெட்டுகள், வரிசையாக லாரிகள். பாதி லாரிகளுக்குச் சக்கரம் இல்லை. யுத்தம் முடிந்தது என்பதைப் பத்திரிகையில் படிப்பது ஒன்று, சக்கரமில்லாத லாரியில் காக்கை உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது ஒன்று.

என்னை அழைத்துப் போக ஒரு ஜட்கா காத்திருந்தது. ஓட்டி பூந்தமல்லிக்காரர், காதர் பாய். நாற்பது வயது இருக்கும்.

"இன்னா வாத்தியாரே, ஒரே ஒரு பைதானா? பிரம்பு கிரம்பு எட்தாரலியா?"

"ரிட்டையர் ஆகிவிட்டேன் பாய். பிரம்பும் ரிட்டையர் ஆகிவிட்டது."

"நல்ல வேள. ஏறி குந்துங்க. முன்னால தள்ளி குந்துங்க, இல்லாங்காட்டி இவ அந்தரத்துல தொங்குவா."

இவள் என்றது குதிரையை. இந்தக் குதிரையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் ஆவடி ஸ்டேஷனில் உங்களுக்கும் இதே வண்டி வாய்க்கலாம். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த குதிரை அது. கொட்டகை வாசலில் யாரோ ஒரு சிப்பாய் விசில் ஊதினான்; குதிரை நடு ரோட்டில் நின்றுவிட்டது.

"மிலிட்டரி பார்ட்டி சார் இவ. விசில் ஊதினா நின்னுடுவா."

"அப்புறம் எப்படிக் கிளம்பும்?"

"இன்னொரு விசில் ஊதணும். நான் ஊதினா மதிக்க மாட்டா. அவனே ஊதற வரிக்கும் நாம தேமேன்னு குந்திகினு கீறதுதான்."

எட்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தோம்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி ஐந்தரை மைல். பருத்திப்பட்டு ஏரிக்கரை வரை ரோடு மோசமில்லை. அதன் பிறகு லாரிகள் உழுது போட்ட பள்ளங்கள். முதுகுவலி உள்ளவர்கள் பூந்தமல்லிக்கு நேராக பஸ்ஸில் வந்துவிடுவது உத்தமம். செந்நீர்க்குப்பம் தாண்டும்போதுதான் காதர் தானாகவே சொன்னார்.

"அந்தக் கல்லுல மூணாவது பேரு நம்ம தம்பிது சார். ரசாக்கு. பஸ்ராவுல காய்ச்சல் வந்து மவுத்தாயிட்டான்."

"அடடா, பாய்..." என்றேன்.

"அழுது முட்ச்சாச்சி சார், அத்த வுடுங்க. எனக்கு ஒரே ஒரு ரோசனைதான். மய்யத்த தூக்க நாலு தோள் வேணும் இல்ல? அங்க நம்ம ஜனம் யாரு கீறாங்க? எவனோ நாலு பேரு தூக்கிகினு போயிருப்பான். எந்த ஊரோ, இன்னா பேரோ. தெனம் தொழுதுட்டு அந்த நாலு பேருக்கும் சேத்து துவா கேக்கறேன். பேரு தெரியாம கேக்கறது ஒரு மாதிரியா கீது, ஆனா அல்லாவுக்குத் தெரியும் இல்ல?"

பூந்தமல்லிக் கடைத்தெருவில் பதினைந்து நிமிஷம் நின்றோம். குதிரைக்குத் தண்ணீர், எங்களுக்கு டீயும் பன்னும். அங்கிருந்து பெங்களூர் ரோட்டில் மேற்கே இரண்டு மைல் போனால் நசரத்பேட்டை. பத்து மணிக்குச் சேர்ந்தோம்.

கல் நிற்கப் போகும் இடம் ரோட்டோரம் ஒரு புளியமரத்தடி. இங்கேதான் நிறுத்த வேண்டும் என்று வீட்டார் பிடிவாதமாகச் சொன்னார்களாம். பட்டாளத்து லாரி வந்து நின்றது இந்த மரத்தடியில்தான். ஏழு பேரையும் கடைசியாகப் பார்த்த இடம் இது. அதனால் கல் நடுவதற்கு முன்பே அதற்கு லாரிக் கல் என்று பெயர் வந்துவிட்டது.

பல்லாவரத்திலிருந்து வந்த கல், நாலடி நீளம், கட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் அதை நடுவதற்கான குழி. கல்தச்சர் உளிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை செய்யும் முறையை அவரே விளக்கினார். முதலில் பெயர்களைக் காவியால் கல்லில் எழுத வேண்டும். வீட்டார் பார்த்து, "எங்கள் ஆள்தான்" என்று சொல்ல வேண்டும். அதன் மேல்தான் உளி வைப்பார்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது சாமி. கோடு எப்டி போதோ அப்டியே உளியும் போவும். நீங்க தப்பா எழுதினா நானும் தப்பாத்தான் வெட்டுவேன், சொல்ட்டேன்."

எனக்கு அவரை உடனே பிடித்துப் போயிற்று. எழுத்துத் தெரிந்தவன் படித்தபடி எழுதுவான். தெரியாதவன் பார்த்தபடி எழுதுவான். பிரதி எடுக்கப் பின்னவனே நம்பகமானவன். என் வகுப்பில் இதற்குப் பல உதாரணங்கள் கண்டிருக்கிறேன்.

ஹவில்தார் பட்டியலைக் கொடுத்தார். ஆவடிப் பாசறையில் வேலை பார்த்த ஒரு வெளியூர்க்காரர் வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்டு எழுதிக் கொடுத்ததாம். பிழைகள் இருந்தன. ஜெயராமன் 'செயராம்' ஆகியிருந்தான். அப்துல் ரசாக்கில் ஒரு எழுத்து காணோம். திருத்திக்கொண்டே வந்தேன். ஆறாவது பெயர் 'முருகன், குத்தம்பாக்கம்'. அதில் பிழை செய்ய எதுவுமில்லை. கடந்து போனேன்.

ஏழு பெயரையும் காவியால் எழுதி முடித்தபோது பதினொன்றரை. ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம். முந்தானை நுனியில் ஒரு முடிச்சு. குத்தம்பாக்கத்துக் கன்னியம்மா என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

"சார், இந்த ஆறாவது வரி இன்னா போட்டுக்கீது?"

"முருகன் என்று போட்டிருக்கிறதம்மா."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அப்டியே இருக்கட்டும். மாத்திடாதீங்க."

"உன் வீட்டுக்காரரா?"

"எங்க ஊட்டுக்காரரு பேரு அது இல்ல சார்."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். பெயர் எழுத வந்தவர் புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறார். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வருமா? நம் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கு வரும்? சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். ஆகவே, "திருத்தணி சாமி பேரு" என்று ஜாடை சொல்லியிருக்கிறாள். வந்தவர் 'முருகன்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மாமனார் மாமியார் இல்லை. ஊராருக்கு அவர் 'கட்டையன்', அவ்வளவுதான். பட்டியலை யாரும் உரக்கப் படித்துக் காட்டவுமில்லை.

"நீயாவது வேறு யாரையாவது விட்டுச் சொல்லியிருக்கலாமே அம்மா?"

"எதுக்கு சார் சொல்லணும்? மொதல்ல காணோம்னு கடுதாசி வந்துது. பொறவு செத்துட்டாருன்னு வந்துது, ஊர்ல யாருக்கும் சொல்லல. மலேயாவுல எத்தினி பேரு செத்தாங்க, எவன் கண்டான்? இந்தக் கல்லுல முருகன்னு யாரோ ஒருத்தரு செத்துக்கீறாரு. எங்க ஊட்டுக்காரரு சாவல. அவரு பேரு இதுல இல்ல, பாருங்க. அதுக்குதான் நாலு மைலு நடந்து வந்தேன், கண்ணால பாத்துட்டுப் போவலாம்னு."

பழக்கத்தால் என் வாய் சும்மா இருக்கவில்லை. விடை சொல்லாத பிள்ளையிடம் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டேன். சுப்பிரமணியா? இல்லை. வேலாயுதமா? இல்லை. "தணிகாசலமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அந்தப் பிள்ளையை நன்றாக ஞாபகம் இருந்தது. நசரத்பேட்டையில் மாமன் வீட்டில் தங்கி நாலாவது வரை படித்தவன். குட்டையாக, எப்போதும் முதல் பெஞ்சில். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் தன் பெயரை மட்டும் ஒரு நாளும் சரியாக எழுதியதில்லை. மூன்று சுழி ண போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி ன போடுவான். 'தனிகாசலம்'. "தணிகை மலையின் பெயரடா உனக்கு. இரண்டு சுழி போட்டால் தனி, ஒண்டி ஆள் என்று ஆகிவிடும்" என்று விளக்கி, சிலேட்டில் ஐம்பது தடவை எழுத வைத்திருக்கிறேன். ஐம்பதாவது தடவை சரியாக எழுதுவான். மறுநாள் பழையபடி இரண்டு சுழி.

இந்தக் கல்லில் பிழை திருத்தத்தான் வந்திருக்கிறேன். இதைவிடப் பெரிய பிழை என்ன இருக்க முடியும்? ஆனால் அவள் அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் அம்மா" என்றேன். காவி தண்ணீர் பட்டால் அழியும், உளி இன்னும் விழவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம் அல்ல.

மூன்று மணிக்கு எல்லாரும் கூடினார்கள். எழுபது எண்பது பேர் இருக்கும். ஹவில்தார் பழைய காக்கிக் கோட்டும் மெடல்களும் அணிந்து வந்தார். பிரசங்கம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பெயரையும் நான் படிக்க வேண்டும். அந்த வீட்டார் எழுந்து, "எங்கள் ஆள்" என்று சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மண்ணைக் குழியில் போட வேண்டும். அவர்கள் கிடப்பது அயல் மண்ணில். கல்லாவது சொந்த மண்ணில் நிற்கட்டும் என்பது ஹவில்தாருடைய யோசனை.

முதல் பெயர் ஜெயராமன். ஹவில்தார் விறைப்பாக நின்று, "எங்க ஆள்" என்றார். குரல் சரியாக இருந்தது, கைதான் மண்ணைக் குழிக்கு வெளியே போட்டுவிட்டது. அவர் மனைவி அதைக் கூட்டி அள்ளி உள்ளே போட்டாள். மூன்றாவது பெயருக்குக் காதர் எழுந்தார். அவர் வீட்டுக் கிணற்றடி மண். ஈரமாக இருந்தது.

ஆறாவது பெயர். "முருகன், குத்தம்பாக்கம்."

யாரும் எழவில்லை.

மறுபடி படித்தேன். கன்னியம்மா பெண்கள் கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குத்தம்பாக்கத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நம்ம ஊர்ல எந்த முருகன்?" என்று ஒரு குரல். "இவ எதுக்கு வந்துகீறா, பொட்டு வெச்சிகினு வேடிக்க பாக்கவா?" என்று இன்னொரு குரல், பெண் குரல். ஹவில்தார் கலங்கிப் போனார். பட்டாளத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் நிற்காவிட்டால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். இங்கே என்ன செய்வது?

"ஆள் இல்லாதவரா? அப்போ நான் நிக்கிறேன்" என்று காதர் எழுந்தார்.

"யோவ் பாய், நீ ஒருதபா நின்னாச்சே" என்றார் ஒருவர்.

"ரெண்டுதபா நிக்கக் கூடாதுன்னு சட்டமா? எந்தம்பிக்கு அங்க எவனோ நின்னான். இந்த அனாதைக்கு இங்க நான் நிக்கிறேன். இதுல உனுக்கு இன்னா நைனா நட்டம்?" குனிந்து ரோட்டோரத்து மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "எங்க ஆ..."

"அனாத இல்ல பாய்."

கன்னியம்மா எழுந்து நின்றிருந்தாள். கூட்டம் வழி விட்டது. நேராகக் காதரிடம் வந்தாள்.

"அவரு அனாத இல்ல. ஆளு கீது. அந்த மண்ண குடு."

அவள் இரண்டு கையையும் ஏந்த, காதர் மண்ணை அதில் கொட்டினார். அவள் அதைக் குழியில் போட்டாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நாலாக மடித்த ஒரு கடிதம். மடிப்பெல்லாம் நைந்து, எண்ணெய் ஏறிப் போயிருந்தது. நடுநடுவே சில வரிகளின் மேல் பட்டாளத்து அதிகாரிகள் கறுப்பு மை பூசியிருந்தார்கள். அடியில் இருந்த கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கல்லின் மேல், கல்தச்சருக்கு எதிரே விரித்து வைத்தாள்.

"அண்ணே, ஆறாவது வரிய அழிச்சிடு. கடைசில நெளிஞ்சிகினு கீது பாரு, அது அவரு. எனுக்குப் படிக்க வராது, ஆனா அது அவருன்னு தெரியும். அப்டியே வெட்டு."

பெயரை அவள் வாயால் சொல்லவில்லை. விரலால் காட்டினாள், அவ்வளவுதான். "கட்டையனா? ஐயோ, நம்ம கட்டையனா!" என்று குத்தம்பாக்கத்து ஆள் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சற்று முன் பொட்டைப் பற்றிப் பேசிய பெண்தான் முதலில் வந்து கன்னியம்மாவைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

கல்தச்சர் ஈரத் துணியால் என் 'முருகன்' மேல் ஒரு தடவை துடைத்தார். போய்விட்டது. கடிதத்தைப் பார்த்துப் பார்த்துக் காவியால் பெரிதாக்கி எழுதினார். பிறகு நிமிர்ந்து என்னிடம், "சரியா சாமி? உளி வெக்கலாமா?" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஹவில்தார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியம்மாவும்.

இரண்டு சுழி ன.

"சரியாக இருக்கிறது. வெட்டுங்கள்" என்றேன்.

உளி விழும் வரை அவள் அங்கேயே நின்றாள். கடிதத்தைத் திரும்ப வாங்கியபோது அதன் ஓரத்தில் கல்தச்சரின் காவி விரல் பதிந்திருந்தது. துடைக்காமல் மடித்து மறுபடியும் முடிந்துகொண்டாள். ஏழாவது பெயரையும் படித்து முடித்தேன். சாயங்காலம் அவளை நடக்க விடாமல் காதர் குத்தம்பாக்கம் வரை வண்டியில் கொண்டுபோய் விட்டார். "வழியில எவனாவது விசில் ஊதினா ராத்திரிக்குதான் போய்ச் சேருவோம், சோறு கட்டிக்கோ தங்கச்சி" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அவள் சிரித்த மாதிரியும் இருந்தது. நான் வேறொரு மாட்டு வண்டியில் பூந்தமல்லி வந்து, ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். முப்பது வருஷமாகச் சிவப்பு மையில் நான் சுழித்த பிழைகளில் எத்தனை, அந்தப் பிள்ளைகளின் கை அடையாளமாக இருந்திருக்கும்? அதற்காக எல்லாவற்றையும் விட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வாத்தியார் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் அன்று அந்த மூன்றாவது சுழியை நான் போட்டிருந்தால், இலக்கணம் சரியாகியிருக்கும். அவளால் அவரை அடையாளம் கண்டிருக்க முடியாது.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பூந்தமல்லி வரை பஸ் உண்டு, பதினாலு மைல், ஒன்றேகால் மணி நேரம். இன்னும் சில பஸ்கள் கரியில்தான் ஓடுகின்றன. பின் வரிசையில் உட்கார்ந்தால் வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகும். அங்கிருந்து ஜட்காக்காரர்களிடம் 'லாரிக் கல்' என்றால் போதும். காலை ஒன்பது மணிக்கு முன் போங்கள், அப்போது வெயில் சாய்வாக விழுவதால் எழுத்து நன்றாகத் தெரியும். குடிதண்ணீர் கையோடு கொண்டு போங்கள். முடிந்தால் உங்கள் வீட்டு மண் ஒரு பிடி. கல் நட்ட குழியில் இன்னும் சற்றுப் பள்ளம் இருக்கிறதென்று ஹவில்தார் எழுதியிருக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படித்தவர்கள் போகும்போது ஆறாவது வரியில் கண் நிற்கும். சாக்குக்கட்டியோ பென்சிலோ எடுத்து ஒரு சுழி கூட்டிவிடத் தோன்றும். தயவுசெய்து கூட்ட வேண்டாம். அது தப்புத்தான், எனக்குத் தெரியும். நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.